ஒரே காற்றில் சாயாத இரண்டாவது இணைப்பு: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைக் கடைகளும் செல்பேசி இணையமும்

அமரவிளையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழ்நாட்டு எல்லையூரான களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலையையும் தாண்டி, நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னால் இருந்தது கேரளத்தின் வணிகவரிச் சோதனைச் சாவடி. செங்கல்லானாலும் தரை ஓடானாலும் அங்கே காகிதம் காட்டி, முத்திரை வாங்கித்தான் வண்டி நகரும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. வணிகவரிச் சாவடிகளின் காலம் முடிந்தது. எல்லை கரைந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அது கரையவில்லை. சாலையோரத்தில் இருந்த சாவடி கடைக்காரரின் கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு, இணையத்தில் எடுக்கும் இ-வே பில் கட்டாயம். எல்லைக் கிராமத்துக் கடைக்கு இந்த விதி மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக அழுத்துகிறது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு 80,000 ரூபாய்ச் சரக்கு அனுப்பினால் இ-வே பில் வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம். அதே சரக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாறசாலைக்கு வந்தால் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள், கடையிலிருந்து லாரி ஆபீஸ் வரைக்குமான 50 கிலோமீட்டருக்கு வண்டி எண் நிரப்பத் தேவையில்லை என்றொரு சலுகை உண்டு. எல்லை தாண்டும் வண்டிக்கு, அது இரண்டே கிலோமீட்டர் ஓடினாலும், அந்தச் சலுகை கிடையாது. இஞ்சிவிளையில் ஒரு டெம்போ புறப்பட வேண்டுமானால் கடையில் இணையம் ஓட வேண்டும். அது நின்றால் டெம்போ நிற்கும், டிரைவரின் நாள் நிற்கும், சுமட்டுத் தொழிலாளியின் கூலி நிற்கும்.

இது சரக்கு அனுப்புகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கும் கதை வேறல்ல. கேரளத்தில் 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள் இன்று சான்றிதழ், ஆதார், கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் வாசலாகிவிட்டன. இணையம் இல்லாத அக்ஷயா மையம் பூட்டிய மையம்தான். பாலராமபுரம் கைத்தறிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலையின் படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பி விற்கும் சிறு வியாபாரிக்கு இணையமே கடைத்தெரு. மருந்துக்கடையின் பில், கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் வங்கி முகவரின் சிறு கருவி, டீக்கடையின் யுபிஐ என எல்லாமே ஒரு மெல்லிய கண்ணாடி இழையில் தொங்குகின்றன.

அந்த இழை எதில் தொங்குகிறது என்று தலை நிமிர்ந்து பார்த்தால் கேள்வியின் பாதி விளங்கிவிடும். அது மின்கம்பத்தில் தொங்குகிறது. கேரளாவிஷன், ஏசியாநெட் போன்ற கேபிள் நிறுவனங்களின் ஃபைபரும், 2023 ஜூன் 5-இல் மாநில அரசு தொடங்கிவைத்த கே-ஃபோனும் பெரும்பாலும் கேரள மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே ஊருக்குள் வருகின்றன. ரப்பர் கிளையோ தென்னை மட்டையோ கம்பியில் விழுந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். கரமனை–களியக்காவிளைச் சாலையை அகலப்படுத்தும் வேலை பல ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாக நடக்கிறது. கம்பம் இடம் மாறும்போதெல்லாம் கேபிளும் அவிழ்ந்து மறுபடி கட்டப்படுகிறது. மண்ணுக்கடியில் போகும் ஃபைபருக்கு ஜேசிபியின் பல்லே எமன். இந்தச் சேதம் நாடு முழுக்க இருப்பதால்தான் 2023 மார்ச்சில், தோண்டுவதற்கு முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்லும் செயலி ஒன்றை ஒன்றிய அரசு கொண்டுவந்தது.

இடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை நான்கு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் இங்குள்ளவர்கள் முதலில் செய்வது மோடத்தின் பிளக்கைப் பிடுங்குவது. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் மோடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் வழியாக அது வரும். பிளக்கைப் பிடுங்கியவர் மோடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்; ஆனால் அந்த ஒரு மணி நேரம் கடை இணையமில்லாமல் இருக்கிறது. மின்சாரம் போனாலும் இதே நிலைதான். கடையில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் வரவில்லை என்றால், பெரும்பாலும் கேபிள்காரரின் கட்டுப்பாட்டு அறையில், ஃபைபரை ஊருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓஎல்டி கருவியின் பேட்டரி தீர்ந்திருக்கும். வழியில் தெருமுனையில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. தேவைப்படுவது இரண்டு முனைகளுக்கு. ஒரு முனை நம் கையில் இருக்கிறது, மறுமுனை இல்லை.

ஆக, இரண்டாவது இணைப்பு வேண்டும். “இரண்டாவது ஃபைபர் போட்டுக்கொள்ளேன்” என்பதே பலர் சொல்லும் யோசனை. இந்த எல்லை ஊர்களில் நான் பார்த்தவரை அது பணத்துக்கு ஏற்ற பலன் தராது. இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். ஒரே மட்டை இரண்டையும் இழுத்துப் போட்டுவிடும். செல்பேசி இணையத்தின் அருமை இங்குதான்: அது கம்பத்தைத் தொடாமல் கடைக்குள் வருகிறது. ஆனால் டவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கும் ஒரு கம்பி இருக்கிறது. டவரிலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் பேச்சையும் டேட்டாவையும் கொண்டுபோவது பெரும்பாலும் ஃபைபர்தான். சில டவர்களில் மட்டும் வட்டத் தட்டு வைத்த மைக்ரோவேவ். டவருக்கும் மின்சாரம் வேண்டும். அதன் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஊற்ற ஆள் வர வேண்டும். 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் சூரல்மலையின் பிஎஸ்என்எல் டவரை டீசல் கொண்டுபோய் ஊற்றித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். மீட்புப் பணிக்கு அது பெரிய துணையாக இருந்தது.

எனவே கேட்க வேண்டியது இரண்டு இணைப்பு இருக்கிறதா என்பதல்ல. முதல் இணைப்பு எந்தக் காரணத்தால் விழுமோ, அதே காரணத்தால் இரண்டாவதும் விழுமா என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்காததற்கு ஒரு தேசமே விலை கொடுத்திருக்கிறது. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு சாய்ந்தது. அதன் செல்பேசிச் சேவையும் கம்பி இணையமும் ஒரே மையத்தில் ஓடின. மையக் கருவி ஒன்றின் அமைப்பை மாற்றும்போது நேர்ந்த பிழையில் இரண்டும் ஒன்றாகப் போயின. ஒரு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் துண்டிக்கப்பட்டார்கள். நாடு முழுக்க டெபிட் அட்டைப் பரிமாற்றத்தை நடத்தும் இன்டராக்கும் ராஜர்ஸை நம்பியிருந்ததால், ராஜர்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத கடைகளிலும் அட்டை வேலை செய்யவில்லை. இன்னொரு நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்வதாக இன்டராக் பிறகுதான் சொன்னது.

நமக்கு அருகிலேயே நினைவு இருக்கிறது. 2016 நவம்பர் 8-இல் பெரிய நோட்டுகள் செல்லாது என்றானது. கையில் காசில்லாமல் சென்னையே அட்டைக்கு மாறிய ஐந்தாவது வாரத்தில், டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மின்சாரமும் இணையமும் போக, அட்டை தேய்க்கும் கருவிகள் ஊமையாயின. அடுத்த ஆண்டு நவம்பர் 30-இல் ஒக்கி. குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன; நாள்கணக்கில் இருட்டு. விளவங்கோட்டு வட்டமும் நெய்யாற்றின்கரைக் கடற்கரையும் இழந்த உயிர்களுக்கு முன்னால் கடைக் கணக்கு பெரிதில்லை. ஆனாலும் அந்த நாள்களில் அரிசியும் மெழுகுவத்தியும் மருந்தும் விற்ற சிறு கடைகள்தான் ஊரைத் தாங்கின. அவை திறந்திருக்க வேண்டியது ஊரின் தேவை. அதனால்தான் இந்த விஷயத்தை வியாபார நுட்பமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரே காரணத்தால் இரண்டும் விழக்கூடாது என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், பாறசாலை, செங்கல், காரோடு, ஊரம்பு, குன்னத்துக்கால், வெள்ளறடை போன்ற ஊர்களுக்கு, எல்லையிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருப்பது தெரியும்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேர்க்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அன்று போட்ட கோடுதான் 1990-களில் செல்பேசி உரிமம் மாநிலவாரியாக வழங்கப்பட்டபோது தொலைத்தொடர்பு வட்டங்களின் கோடாகவும் ஆனது. கோட்டுக்கு வடமேற்கே கேரள வட்டம், தென்கிழக்கே தமிழ்நாடு வட்டம். ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு பக்கமும் தனித்தனி டவர்களையும் தனித்தனி மையங்களையும் வைத்து ஓடுகிறது. ஒரு பக்கத்து டவருக்குக் கேரள மின்வாரியம் மின்சாரம் தருகிறது, மறுபக்கத்து டவருக்குத் தமிழ்நாட்டு மின்வாரியம். நெய்யாற்றின்கரை துணை மின்நிலையத்தில் கோளாறு என்றால் களியக்காவிளை டவருக்கு ஒன்றும் ஆகாது. ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் இது தொல்லையாக இருந்தது. வீட்டு வாசலில் ஒரு காசு, கொல்லைப்புறத்தில் ஒரு காசு. 2015 ஜூனில் பிஎஸ்என்எல் உள்வரும் ரோமிங் அழைப்பை இலவசமாக்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு மற்றவர்களும் அந்தக் கட்டணத்தை விட்டார்கள். தொல்லை போய்விட்டது. இரண்டு வட்டத்து டவர்களும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வசதி மட்டும் மிஞ்சியது. அதை எல்லைக் கடைக்காரர்கள் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் எண்ணம்.

எடுத்துக்கொள்ள வேண்டுமானால் சில முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும். இங்கே பேச்சிலேயே இரண்டு வட்டமும் உண்டு: வடக்கே “ரேஞ்சு இல்லை” என்பார்கள், தெற்கே போகப் போக “டவர் கிடைக்கலை” என்பார்கள். இரண்டும் சேரும் இடத்தில் நடக்கும் விசித்திரம், ரேஞ்சு நிறைய இருந்தும் நெட் ஊராமல் கிடப்பது. சிம் போட்ட ரவுட்டர் ஒன்றின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி, சிக்னலின் தெளிவைச் சொல்லும் எஸ்ஐஎன்ஆர். பலம் கழித்தல் 85-இல் இருந்தால் நன்று, கழித்தல் 105-க்குக் கீழே போனால் மோசம். ஆனால் பலம் நன்றாக இருந்தும் தெளிவு பூச்சியத்தை ஒட்டி இருந்தால், இரண்டு டவர்கள் ஏறக்குறைய ஒரே வலுவோடு அந்தக் கடையின்மேல் பேசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சந்தையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் காதருகே கத்தினால் சத்தத்துக்குக் குறைவிருக்காது, சேதிதான் விளங்காது. எல்லை மேட்டில் இருக்கும் கடைகளுக்கு இந்த நோய் அதிகம். ரவுட்டரை ஜன்னல் மாற்றி வைப்பது முதல் மருந்து. வடமேற்கு ஜன்னலில் கேரள டவர், தென்கிழக்கு ஜன்னலில் தமிழ்நாட்டு டவர் என்று பல கடைகளில் தெளிவாகப் பிரியும். திசை பார்த்துப் பொருத்தும் வெளி ஆன்டெனா இரண்டாவது மருந்து. டவரையோ அலைவரிசையையோ பூட்டிவைக்கும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு, அது மூன்றாவது.

எந்தப் பக்கத்து டவர் என்பதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு வட்டத்து வலையமைப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பிஎஸ்என்எல் கேரளத்துக்கு 404 72, தமிழ்நாட்டுக்கு 404 80. ஏர்டெல் கேரளத்துக்கு 404 95, தமிழ்நாட்டுக்கு 404 94. ரவுட்டரின் பக்கத்தில் இந்த எண்ணைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று, பலரையும் ஏமாற்றுவது. கேரளத்தில் வாங்கிய சிம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்தால் ரவுட்டருக்கு அது ரோமிங். பல ரவுட்டர்களும் டாங்கிள்களும் ‘டேட்டா ரோமிங்’ அணைக்கப்பட்ட நிலையிலேயே கடையிலிருந்து வருகின்றன. சிக்னல் விளக்கு பச்சையாக எரியும், நெட் வராது. சிம் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். எனக்கும் ஒருமுறை அப்படி ஆகி, ஒரு பிற்பகல் முழுக்கச் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு பொத்தானைத் தள்ளியதும் வந்தது. உள்நாட்டுக்குள் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எல்லை ஊரில் அதைத் திறந்தே வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு சிம் இரண்டு மாநிலத்து டவரையும் பிடிக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சிம்மின் பதிவேடு அதன் சொந்த வட்டத்தில்தான் இருக்கிறது. கேரளத்துச் சிம் தமிழ்நாட்டு டவரில் ஏறினாலும், “இவர் யார், அனுமதி உண்டா” என்று கேள்வி கேரளத்து மையத்துக்கே போகும். டவர் விழுந்தால் பக்கத்து மாநில டவர் காப்பாற்றும். மையம் விழுந்தால் காப்பாற்றாது. 2025 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஏர்டெல்லும், ஜூனில் கேரளத்தில் ஜியோவும் சில மணி நேரம் முடங்கியபோது பார்த்தது அதைத்தான். ஆகவே என் வரிசை இது: ஃபைபர் எந்த நிறுவனமோ, சிம் அந்த நிறுவனமாக இருக்கக் கூடாது. இதுவே தலையாய விதி. ஜியோ ஃபைபருக்கு ஜியோ சிம்மைத் துணையாக வைப்பது ராஜர்ஸ் கதையைக் கடைக்குள் கொண்டுவருவதாகும். அதற்கு அடுத்ததாக, இரண்டு சிம் வைக்க முடிந்தால் ஒன்று கேரளத்தில் வாங்கியது, மற்றது தமிழ்நாட்டில் வாங்கிய வேறு நிறுவனத்தது. களியக்காவிளைக்கு நடந்தே போய் வாங்கிவரக் கூடியவர்களுக்கு இது ஒரு சிரமமே இல்லை.

எந்த நிறுவனம் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். இந்த மண் ஏற்ற இறக்கமானது. மேட்டில் வீடு, பள்ளத்தில் ஏலா என்னும் வயல், நடுவில் ரப்பர் தோட்டம். நூறு அடி நகர்ந்தால் டவர் மறையும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் இலையையும் வெட்டுக்கல் சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வேகம் தரும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். ஜியோவின் 4ஜிக்கு 850, ஏர்டெல்லுக்கும் வி என்கிற வோடஃபோன் ஐடியாவுக்கும் 900, பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜிக்கு 700 உண்டு. பிஎஸ்என்எல் தன் 4ஜியை நாடு முழுவதற்குமாக 2025 செப்டம்பர் 27-இல்தான் முறையாகத் தொடங்கியது. கூட்டம் குறைந்த டவரில் அது நல்ல துணைச் சிம். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் சுற்றியுள்ள டவர்களைப் பார்க்கலாம். 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி நிறுவனங்கள் எங்கெங்கே சேவை உண்டு என்ற வரைபடத்தைத் தங்கள் தளத்திலேயே காட்ட வேண்டும். இவை எல்லாம் தொடக்கத்துக்கு. முடிவைச் சொல்வது, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து மழைநாள் மாலை ஆறு மணிக்கு எடுத்த அளவு மட்டுமே. காலை பத்து மணிக்குப் பறக்கும் சிம், ஊரே வீட்டுக்குத் திரும்பி வீடியோ பார்க்கும் நேரத்தில் தவழும்.

சிக்னல் குறைவென்றால் ‘பூஸ்டர்’ வாங்கி மாட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாத பூஸ்டர் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அது சுற்றுவட்டாரத்தின் சிக்னலைக் கெடுப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கும்கூட. மின்சாரம் ஏற்றாத, ரவுட்டரோடு மட்டும் இணையும் சாதாரண ஆன்டெனாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி கருவி. ஒரே கல்லா, ஒரே கணினி உள்ள கடைக்குத் தனிக் கருவியே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கடைக்காரரின் கைபேசியை யுஎஸ்பி வயரால் கணினியில் செருகி டெதரிங் திறந்தால் போதும். வயரில் இணைத்தால் கைபேசி சார்ஜும் ஏறும். ஆனால் அந்த வயர் கல்லா மேசையில் நிரந்தரமாகக் கிடக்க வேண்டும், கடைப் பையனுக்கும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் கைபேசியோடு மார்த்தாண்டம் போயிருக்கும் நாளில்தான் நெட் போகும்.

இரண்டு மூன்று கணினி, சிசிடிவி, அட்டைக் கருவி என்று விரிந்த கடைக்கும் அக்ஷயா மையத்துக்கும் சிம் போடும் இடமும் ஃபைபர் வயர் செருகும் இடமும் உள்ள ரவுட்டர் வாங்குவது தகும். ஃபைபர் நின்றதை ரவுட்டர் தானே உணர்ந்து சிம்முக்கு மாற வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். வயர் அறுந்தால் எந்த ரவுட்டரும் கண்டுகொள்ளும். ஆனால் பெரும்பாலான கோளாறுகளில் வயர் நன்றாகவே இருக்கும். மோடத்தின் விளக்கும் எரியும். அதற்கப்பால் எங்கோ அறுந்திருக்கும். எனவே வெளியுலகின் ஏதாவது இரண்டு முகவரிகளைச் சில நொடிக்கு ஒருமுறை தட்டிப்பார்த்து, மூன்று முறை பதில் வராவிட்டால் மாறும்படி அமைக்க வேண்டும். ஐந்து நொடி இடைவெளி என்றால் பதினைந்து நொடியில் மாறிவிடும். மாறும் கணத்தில் கணினியின் வெளிமுகவரியும் மாறுவதால் வங்கித் தளம் வெளியே தள்ளிவிடும். அப்போது பாதியில் நின்ற பணப்பரிமாற்றத்தை உடனே மறுபடி செய்யக் கூடாது. முதலில் அதன் நிலையைப் பார்க்க வேண்டும். கடைக்கு வராமல் நின்ற யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி. தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு.

சிம்முக்கு மாறியபின் டேட்டாவைத் தின்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். இ-வே பில்லும் யுபிஐயும் கொறிப்பதோடு சரி. கேமராதான் பூதம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் மணிக்கு 900 எம்பி; நான்கு கேமரா என்றால் 3.6 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி பிளான் அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். கேமராப் பதிவு கடைக்குள் இருக்கும் பெட்டியிலேயே ஓடட்டும். சிம் பாதையில் அது வெளியே போகாமல் ரவுட்டரில் அடைத்துவிடுங்கள். விண்டோஸ் புதுப்பிப்பும் அப்படியே. வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: செல்பேசி இணையத்தில் பழைய வகை முகவரி ஒன்றைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து கதவைத் தட்டி உள்ளே வர முடியாது. கேமராப் பெட்டி தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு கைகோக்கும் முறைதான் அதில் வேலை செய்யும்.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோடமும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. உள்ளங்கை அளவு சிறு யுபிஎஸ் ஒன்று இரண்டையும் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். இடி நேரத்தில் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதிலேயே ஓட்டலாம் என்பது இந்த ஊருக்கு உகந்த கூடுதல் பயன்.

துணைச் சிம் சாகும் விதம் வேறு. மேசை இழுப்பறையில் கிடக்கும் சிம் 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாயும் இல்லாமல் இருந்தால், நிறுவனம் அதை நிறுத்திவிடலாம். புயல் நாளில் எடுத்துப் போட்டால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஃபைபர் வயரைக் கையாலேயே பிடுங்கி, அரை மணி நேரம் சிம்மில் கடையை ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்தத் துக்கம் இல்லை. பில் போட முடிகிறதா, பணம் வந்த சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பணம் வந்ததைச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது எந்த நிறுவனச் சிம் என்று கேட்டு வைத்துக்கொண்டால், கடையின் மூன்றாவது பாதை எதுவென்று தெரியும்.

இரண்டாவது இணைப்பால் ஆகாத காரியமும் உண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. எத்தனை சிம் இருந்தும் பயனில்லை. கேரள ரேஷன் கடைகளின் இ-போஸ் கருவி நின்ற பல நாள்களில் கோளாறு கடையில் இல்லை, சர்வர் பக்கத்தில் இருந்தது. வரிசையில் நின்ற முதியவர்கள் திரும்பிப் போனார்கள். இதைப் பிரித்தறிய வேண்டும். இல்லையென்றால் சரியாக இருக்கும் ரவுட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருப்போம். இ-வே பில்லுக்கு அரசே இரண்டாவது தளத்தை 2025 ஜூலை 1-இல் திறந்திருக்கிறது. முன்பே பதிவு செய்த கைபேசியிலிருந்து எஸ்எம்எஸ் மூலமாகவும் இ-வே பில் எடுக்கலாம். இணையமே வேண்டாம், பேச்சுக்கான டவர் போதும். 2025 ஏப்ரல் முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம் என்பதால், பதிவு செய்த எண்ணின் டவரும் விழுந்திருந்தால் கணினியில் நெட் இருந்தும் நுழைய முடியாது. இணையமில்லாமலேயே அந்த ஓடிபியை உருவாக்கித் தரும் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்ட் செயலியைக் கைபேசியில் முன்பே ஏற்றி வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். பணத்துக்கு, 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே சாதாரணக் கைபேசியிலிருந்து அழைப்பு மூலமாகவே வேலை செய்கிறது.

இவ்வளவு சொன்னபின், எல்லாவற்றிலும் மலிவான வழி ஒன்று பாக்கி இருக்கிறது. வெள்ளறடைக்குப் பக்கத்தில் பனச்சமூடு என்ற ஊர். அதன் ஒரு பகுதி கேரளத்தில், மறுபகுதி தமிழ்நாட்டில். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு கடையின் ஃபைபர் கேரள மின்வாரியக் கம்பத்தில் வருகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடையின் ஃபைபர் தமிழ்நாட்டுக் கம்பத்தில், வேறு கேபிள்காரரிடமிருந்து, வேறு துணை மின்நிலையத்தை நம்பி வருகிறது. ஒன்று விழும் காரணத்தால் மற்றது விழ வாய்ப்பே குறைவு. இரண்டு கடைக்காரர்களும் காசு எதுவும் வாங்காமல், விருந்தாளிக்கென்று தனியாகத் திறந்த வைஃபையின் பாஸ்வேர்டை ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்து, அதைக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரின் முதுகில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்குப் பாத்திரமும் அவசரத்துக்குச் சில்லறையும் கொடுத்து வாங்கிப் பழகியவர்கள்தான் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.